செம்பு அணுவில் ஒற்றை எலக்ட்ரான்

ராஜபாளையத்திலிருந்து மேற்கே மலையடிவாரம் வரை போனால் அய்யனார் கோவில். நீர்காத்த அய்யனார் என்பது சாமியின் முழுப்பெயர். ஊருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கமும் இந்தப் பக்கம்தான். மழைக்காலம் முடிந்த கையோடு போனால், கோவில் கண்ணில் படுமுன்பே ஆற்றின் இரைச்சல் காதில் விழும். பாறையில் மோதி, சுழித்து, நுரைத்து இறங்கும் நீர் தன் வேகத்தில் ஒரு பகுதியை அந்த இரைச்சலாகவும் இம்மியளவு சூடாகவும் இழக்கிறது. ராஜபாளையத்து நூற்பாலைகளுக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பிக்குள்ளும் இப்படித்தான். அதிரும் அணுக்களிலும் உலோகத்தில் கலந்த மாசுகளிலும் எலக்ட்ரான்கள் இடறுகின்றன. தாங்கள் கொண்டுவரும் ஆற்றலில் ஒரு பங்கைக் கம்பியைச் சூடாக்குவதிலேயே தொலைத்துவிடுகின்றன.

எதிலும் இடறாத ஓட்டம் ஒன்றும் இயற்கையில் உண்டு. 1911இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கமர்லிங் ஓனஸின் ஆய்வகத்தில் பாதரசத்தைச் சுமார் 4.2 கெல்வினுக்கு, அதாவது பூஜ்யத்துக்கு 269 டிகிரி செல்சியஸ் கீழே குளிர்வித்தபோது அதன் மின்தடை சட்டென்று மறைந்தது. மீகடத்தி என்று நாம் சொல்வது இந்த நிலையைத்தான். அதன் வேரில் இருப்பது எலக்ட்ரான்களின் ஜோடி. ஒரே மின்னூட்டம் கொண்ட, ஒன்றையொன்று தள்ளியே தீரவேண்டிய இரண்டு எலக்ட்ரான்கள் எதற்காகச் சேரவேண்டும்? பாதரசம், ஈயம் போன்றவற்றுக்கு 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் விடை தந்துவிட்டார்கள். அணுக்களின் அதிர்வு இடைத்தரகராக நின்று ஜோடி சேர்க்கிறது. செம்பும் ஆக்சிஜனும் கலந்த ஒரு வகைப் பொருட்களில்தான் கேள்வி திறந்தே கிடக்கிறது. உலகின் மிகப்பெரிய கணினிகள் சில ஏறத்தாழ 40 ஆண்டுகளாக அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன.

அந்தக் கணினிகளைப் பற்றி எழுத அய்யனார் கோவில் ஆற்றங்கரையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கிருந்து மலையை ஒட்டியே வடக்கே போய், ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி, கிருஷ்ணன்கோவிலில் மேற்கே திரும்பினால் வத்திராயிருப்பு வரும். 1898 டிசம்பர் 4ஆம் தேதி கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் பிறந்த ஊர். வத்திராயிருப்பிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிப்படிப்பு, மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, பிறகு கல்கத்தாவில் ராமனின் ஆய்வகம். 1928இல் ராமன் விளைவு கண்டறியப்பட்டபோது கூடவே இருந்து உழைத்தவர் என்பதோடு கே.எஸ். கிருஷ்ணனைப் பற்றிய நம் நினைவு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. இது எனக்குத் தீராத வருத்தம். ராமனைப் பிரிந்து டாக்காவுக்குப் போய், 1933இல் கல்கத்தாவுக்குத் திரும்பிய பிறகு, படிகங்களின் காந்தப் பண்புகள் குறித்து அவர் செய்த வேலைதான் அவருடைய சொந்த வேலை. இன்றைய மீகடத்தி ஆய்வின் மையப்பொருள் அங்கே ஏற்கெனவே கண்விழித்துக்கொண்டிருக்கிறது.

மயில்துத்தத்தை எடுத்துக்கொள்வோம். தோட்டக்காரர்கள் சுண்ணாம்போடு கலந்து போர்டோ கலவையாக மரத்துக்கு அடிக்கும் அதே நீலப்படிகம். 1936இல் கிருஷ்ணனும் அசுதோஷ் முகர்ஜியும் இதன் காந்தப்பண்பு திசைக்குத் திசை எப்படி வேறுபடுகிறது, அந்த வேறுபாடு படிகத்தின் அமைப்போடு எப்படிப் பொருந்துகிறது என்று ஆராய்ந்து வெளியிட்டார்கள். கிருஷ்ணனின் குழு கையாண்ட கருவி நினைத்துப் பார்க்கவே அழகானது. முடியைவிட மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சிறு படிகத்தைக் கட்டி, காந்தத்தின் இரு துருவங்களுக்கு நடுவில் தொங்கவிடுவார்கள். இழையின் மேல்முனையை மெதுவாக முறுக்கிக்கொண்டே போவார்கள். காந்தப்புலம் படிகத்தைத் தன் திசையில் பிடித்துவைத்திருக்கும். ஒரு கட்டத்தில் முறுக்கு வென்றுவிட, படிகம் சட்டென்று திரும்பிவிடும். எத்தனை சுற்று முறுக்கியபின் திரும்பியது என்பதிலிருந்து, இரண்டு திசைகளின் காந்த ஏற்புத்திறனுக்கு இடையிலான வேறுபாட்டைக் கணக்கிடலாம்.

மயில்துத்தத்தில் ஒவ்வொரு செம்பு அயனியைச் சுற்றியும் நான்கு நீர் மூலக்கூறுகளின் ஆக்சிஜன்கள் ஏறத்தாழ ஒரு சதுரமாக நிற்கின்றன. மேலும் கீழும் சற்றுத் தள்ளி இன்னும் இரண்டு ஆக்சிஜன்கள். செம்பு அயனியின் வெளிக்கூட்டில் பத்து எலக்ட்ரான்களுக்கு இடம் உண்டு, இருப்பது ஒன்பது. எட்டுக்கு ஜோடி இருக்கிறது, ஒன்பதாவது தனித்து நிற்கிறது. அதன் தற்சுழற்சிதான் படிகத்தின் காந்தத்தன்மைக்குக் காரணம். சதுரச் சூழல்தான் அந்தக் காந்தத்துக்குத் திசைபேதம் தருகிறது. ஆக்சிஜன் சதுரத்தின் நடுவில் செம்பு, செம்பில் ஓர் ஒற்றை எலக்ட்ரான். இந்தச் சித்திரத்தை மனதில் வைத்துக்கொண்டு 50 ஆண்டுகளைத் தாண்டுவோம்.

1986இல் ஜூரிக் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பெட்நோர்ஸும் முல்லரும் லாந்தனம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் கலந்த, பீங்கானைப் போன்ற பொருளொன்றில் 30 கெல்வினுக்கு மேலேயே மீகடத்தும் தன்மை தொடங்குவதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே இட்ரியம் கலந்த உறவுப்பொருளில் அது 90 கெல்வினைத் தாண்டியது. திரவ நைட்ரஜனின் கொதிநிலை 77 கெல்வின் என்பதால், விலை உயர்ந்த திரவ ஹீலியம் இல்லாமலே மீகடத்தியைக் கல்லூரி மேசையில் காட்டமுடியும் என்றாயிற்று. இந்தப் பொருட்கள் எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஒரு தளம். செம்பைச் சுற்றி ஆக்சிஜன் சதுரம், அந்தச் சதுரம் அடுத்த செம்போடு ஓர் ஆக்சிஜனைப் பகிர்ந்துகொண்டு, அது அடுத்ததோடு பகிர்ந்துகொண்டு, பாய் முடைந்ததுபோல விரியும் தளம். சதுரத்தின் அளவும் மயில்துத்தத்தில் உள்ளதற்கு மிக நெருக்கம். வேறுபாடு ஒன்றே ஒன்று: மயில்துத்தத்தில் செம்புகள் தூரத்தூர நிற்கின்றன, ஒன்றின் ஒற்றை எலக்ட்ரானுக்கு அடுத்ததன் இருப்பு கிட்டத்தட்டத் தெரியாது. இங்கே அவை ஆக்சிஜன் வழியாக அண்டைவீட்டார் ஆகிவிட்டன. அந்த உறவின் வலிமையை வெப்பநிலையாகச் சொன்னால் 1,500 கெல்வின் அளவுக்கு வருகிறது.

1987 ஜனவரியில் பெங்களூரில் நடந்த ஒரு பன்னாட்டு இயற்பியல் மாநாட்டில் பிரின்ஸ்டனின் ஃபிலிப் ஆண்டர்சன் இந்தப் புதுப்பொருளைப் பற்றித் தன் யோசனையை முதலில் வெளியிட்டார். ஜோடி சேர்ப்பதற்கு வெளியிலிருந்து தரகர் வரவேண்டியதில்லை. ஜோடிகள் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன என்றார். அதே ஆண்டில் பாஸ்கரன், ஸோ, ஆண்டர்சன் மூவரும் அந்த யோசனையைக் கணக்கிடக்கூடிய ஒரு கோட்பாடாக்கினார்கள். முதல் பெயருக்குரிய கணபதி பாஸ்கரன், பின்னர் சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். 1990இல் பட்நாகர் விருது பெற்றவர். ரெசொனேட்டிங் வேலன்ஸ் பாண்ட், சுருக்கமாக ஆர்.வி.பி., என்று அழைக்கப்படும் இந்தக் கோட்பாட்டை விளக்க எனக்குத் தெரிந்து பல்லாங்குழியைவிட நல்ல பலகை கிடையாது.

ஒவ்வொரு குழியும் ஒரு செம்பு. ஒவ்வொரு குழியிலும் ஒரு புளியங்கொட்டை, அதுதான் ஒற்றை எலக்ட்ரான். தாயம் ஆடுவதற்குச் செய்வதுபோலக் கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிக்கொள்வோம். கறுப்பு மேலே இருந்தால் தற்சுழற்சி ஒரு திசை, வெள்ளை மேலே இருந்தால் மறுதிசை. விதிகள் இரண்டே. கொட்டை பக்கத்துக் குழிக்குத் தாவலாம். அப்படித் தாவுவதால் ஆற்றல் குறையும், அந்த அளவுக்கு t என்று பெயர். ஒரே குழியில் இரண்டு கொட்டைகள் சேர்ந்தால் ஆற்றல் ஏகமாக ஏறும், அதற்கு U என்று பெயர். 1963இல் ஜான் ஹப்பார்டின் பெயரில் நிலைபெற்ற மாதிரி இதுதான். இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. செம்பு ஆக்சைடுகளுக்கு U என்பது t-ஐப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு என்று கொள்வது வழக்கம்.

எல்லாக் குழியிலும் ஒவ்வொரு கொட்டை இருந்தால் ஆட்டம் நின்றுவிடும். தாவ இடமில்லை; பொருள் மின்கடத்தாப் பொருள். ஆனாலும் அக்கம்பக்கக் கொட்டைகளில் ஒன்று கறுப்பும் மற்றது வெள்ளையுமாக இருந்தால், நொடிப்பொழுது பக்கத்துக் குழியை எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு அவற்றுக்கு வாய்ப்புண்டு. இரண்டும் ஒரே நிறம் என்றால், ஒரே நிறக் கொட்டைகள் ஒரு குழியில் சேரக்கூடாது என்ற பவுலியின் விதி அதைத் தடுத்துவிடும். அந்தச் சிறு எட்டிப்பார்த்தலில் கிடைக்கும் ஆற்றல் லாபம்தான் அண்டையிலிருப்பவற்றைக் கறுப்பு-வெள்ளை ஜோடியாகப் பிணைக்கிறது. யார் கறுப்பு, யார் வெள்ளை என்று முடிவாகாத ஜோடி அது. கோலாட்டத்தில் ஆள்மாற்றி ஆடுவதுபோல ஜோடிகளும் நிலையாக இல்லாமல் துணை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. பென்சீன் மூலக்கூறில் பிணைப்புகள் இடம் மாறுவதாக லைனஸ் பாலிங் சொன்னதன் பெருவடிவம் இது. இப்போது சில கொட்டைகளை எடுத்துவிடுங்கள். காலிக்குழிகள் கிடைத்ததும் அதுவரை நகரமுடியாமல் இருந்த ஜோடிகள் நகரத் தொடங்கும். நகரும் ஜோடிகள்தான் மீகடத்தி. லாந்தனத்துக்குப் பதிலாகப் பேரியத்தைச் சேர்ப்பது என்பது இந்தக் கொட்டையை எடுக்கும் வேலையே.

தள்ளும் விசையிலிருந்தே சேர்க்கை பிறக்கிறது என்பதைப் பல்லாங்குழியில் கண்ணால் பார்த்துவிடலாம். பலகை இரண்டு வரிசை. எதிரெதிரே ஏழு ஏழு குழிகள். எதிரெதிர்க் குழிகளின் பிணைப்பு வலுவானது என்று வைத்துக்கொள்வோம், ஏழு ஜோடிகள். இரண்டு கொட்டைகளை எடுக்கவேண்டும். வெவ்வேறு ஜோடிகளிலிருந்து எடுத்தால் இரண்டு ஜோடிகள் உடைகின்றன. எதிரெதிரே இருக்கும் இரண்டையும் எடுத்தால் உடைவது ஒரு ஜோடி மட்டும். ஆகவே காலிக்குழிகள் இரண்டும் அருகருகே இருப்பதுதான் சிக்கனம். எதுவும் எதையும் ஈர்க்கவில்லை. இருந்தும் இரண்டு காலிக்குழிகள் சேர்ந்தே நகர்கின்றன. 1992இல் டகோட்டோ, ரியேரா, ஸ்காலபினோ ஆகியோர் ஏணிவடிவப் பலகைகளைக் கணினியில் கணக்கிட்டு இதைக் காட்டினார்கள். ஏணிவடிவில் செம்பு ஆக்சிஜன் கோக்கப்பட்ட பொருளொன்று, சுமார் 30,000 வளிமண்டல அழுத்தத்தில் 12 கெல்வினில் மீகடத்தியாவதை 1996இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள்.

இத்தனை எளிய விதிகள் என்றால் கணினியிடம் கொடுத்து விடை வாங்கிக்கொள்ளலாமே? இங்கேதான் மலைப்பு. ஒரு குழிக்கு நான்கு நிலைகள்: காலி, கறுப்பு, வெள்ளை, இரண்டும். பதினான்கு குழிகளுக்கு 4-ஐ 14 முறை பெருக்கினால் 26 கோடியே 84 லட்சத்து 35 ஆயிரத்து 456. ஆறுக்கு ஆறு சதுரப்பலகைக்கு, 4.7-ஐப் பத்தால் இருபத்தொரு முறை பெருக்கவேண்டும். பத்துக்குப் பத்து என்றால் அறுபது பூஜ்யங்கள். குவாண்டம் இயற்பியலில் எலக்ட்ரான்கள் இந்த நிலைகளில் ஏதோ ஒன்றில் இருப்பதில்லை. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கின்றன. அத்தனை எண்களையும் எழுதிவைக்க எந்தக் கணினியிலும் இடம் கிடையாது. இனி வரப்போகும் கணினியிலும் கிடையாது.

எல்லாவற்றையும் எண்ண முடியாதபோது நம் வீட்டு வழி ஒன்று இருக்கிறது: ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். மான்டி கார்லோ என்ற பெயரில் இயற்பியலாளர்கள் செய்வது அதுவே. கோடானுகோடி நிலைகளில் எது எவ்வளவு முக்கியமோ அந்த விகிதத்தில் சிலவற்றைப் பொறுக்கி எடுத்துச் சராசரி காண்பது. 1980களில் எலக்ட்ரான்களுக்கு இந்த முறையை பிளாங்கன்பெக்லர், ஸ்காலபினோ, ஷுகர் ஆகியோர் வகுத்துத் தந்தார்கள். எல்லாக் குழியிலும் ஒரு கொட்டை இருக்கும்போது அது மிக அழகாக வேலை செய்கிறது. கொட்டையை எடுக்கத் தொடங்கியதும் உடைந்துபோகிறது.

ஏன் உடைகிறது என்பதைச் சொல்லாமல் இந்தத் துறையின் கதையைச் சொல்ல முடியாது. இரண்டு எலக்ட்ரான்களை ஒன்றுக்கொன்று இடம் மாற்றினால், எந்த நிலையில் எவ்வளவு என்று சொல்லும் அலைச்சார்பின் குறி, கூட்டலிலிருந்து கழித்தலாக மாறும். அதனால் பொறுக்கி எடுக்கும் சோறுகளில் சில கூட்டல் கணக்கிலும் சில கழித்தல் கணக்கிலும் விழுகின்றன. பஞ்சு மண்டியின் பேரேட்டில் ஒரு பக்கம் கோடி ரூபாய் வரவு, மறுபக்கம் கோடி ரூபாய் செலவு, மிச்சம் ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவையும் செலவையும் தோராயமாக, நூற்றுக்கு ஒரு பங்கு பிழையோடு அறிந்தால் போதும் என்று இருந்தால், பிழையே ஒரு லட்சம் ரூபாய். அந்த ஒரு ரூபாய் எங்கே? பலகை பெரிதாகப் பெரிதாக, வெப்பநிலை குறையக் குறைய, இந்த ரத்தாகும் அளவு மடங்கு மடங்காகப் பெருகுகிறது. குறிச்சிக்கல் என்று இதற்குப் பெயர். இதற்குப் பொதுவானதொரு தீர்வு கிடைத்தால், கணினியியலில் மிகக் கடினமென்று ஒதுக்கிவைக்கப்பட்ட என்.பி. வகைக் கணக்குகள் எல்லாமே தீர்ந்துவிடும் என்று ட்ராயரும் வீஸும் 2005இல் நிறுவினார்கள். நாம் விரும்பும் மீகடத்தி இருப்பதோ, கொட்டைகளில் சுமார் ஆறில் ஒரு பங்கை எடுத்த பிறகு, குறைந்த வெப்பநிலையில். குறிச்சிக்கல் மிக மோசமாகும் இடத்தில்.

இதைச் சுற்றிக்கொண்டு போன வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது மும்பையில் நடந்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் அருண் பரமேகாந்தி, மோஹித் ரண்டேரியா, நந்தினி திரிவேதி மூவரும் 2001இல் வெளியிட்ட கணக்கு. அவர்கள் விடையை முன்கூட்டியே அனுமானித்தார்கள். எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்த 1957ஆம் ஆண்டு நிலையை எடுத்துக்கொண்டு, அதில் ஒரே குழியில் இரண்டு கொட்டை வரும் நிலைகளை எல்லாம் அடித்துவிடுவது. மிச்சத்தை மான்டி கார்லோவால் அளப்பது. ஆண்டர்சன் 1987இல் முன்வைத்த அலைச்சார்பு இதுவே. அனுமானித்த அலைச்சார்பின் வர்க்கம்தான் இங்கே நிகழ்தகவு. வர்க்கம் ஒருபோதும் கழித்தல் எண் ஆகாது என்பதால் குறிச்சிக்கல் எழுவதில்லை. அனுமானத்தில் சில எண்களை மாற்றிமாற்றி ஆற்றல் எங்கே மிகக் குறைவோ அங்கே நிறுத்துவார்கள்.

கிடைத்த விடையில் இரண்டு அளவுகள் தனித்தனியே பிரிந்தன. ஜோடியின் பிடிப்பு, காலிக்குழிகள் குறையக் குறைய ஏறிக்கொண்டே போகிறது. மீகடத்தும் வலிமையோ காலிக்குழிகள் குறைந்தால் இறங்கி, காலிக்குழியே இல்லாதபோது பூஜ்யமாகிறது. பிடிப்பு உச்சத்தில் இருக்கும்போது ஓட்டம் இல்லை. பிடிப்பே கரைந்துபோகும் அளவுக்குக் கொட்டைகளை எடுத்துவிட்டால் அப்போதும் ஓட்டம் இல்லை. நடுவில் ஒரு கூம்பு. சோதனைக்கூடங்கள் வரைந்துவைத்திருந்த படமும் இந்தக் கூம்புதான். பழைய மீகடத்திகளில் பிடிப்பும் ஓட்டமும் ஒன்றாகவே ஏறும், ஒன்றாகவே இறங்கும். இங்கே அவை பிரிந்துவிட்டன என்பதை ஒரு கணினி எண்ணாக எடுத்துக் காட்டியதுதான் இந்தக் கணக்கின் பெருமை. 2004இல் ஆண்டர்சன், ரண்டேரியா, திரிவேதி உள்ளிட்ட அறுவர் சேர்ந்து எழுதிய நீண்ட கட்டுரைக்கு இந்தக் கணக்கு முதுகெலும்பு.

ஜோடியின் வடிவம் பற்றியும் ஒரு வார்த்தை. 1987ஆம் ஆண்டு முதல் கட்டுரை, ஜோடியின் அலை எல்லாத் திசையிலும் ஒரே குறி கொண்ட ஒரு வகை என்று எடுத்துக்கொண்டது. அது சரியாக அமையவில்லை. அடுத்த ஆண்டிலேயே வேறு சிலர், கிழக்கு-மேற்காக ஒரு குறியும் வடக்கு-தெற்காக எதிர்க்குறியும் கொண்ட டி-அலை வடிவம் அதே கோட்பாட்டுக்குள் ஆற்றல் குறைந்தது என்று காட்டினார்கள். 1990களின் நடுவில் மூன்று படிகத்துண்டுகளை ஒட்டவைத்து ட்சூயியும் கர்ட்லியும் செய்த சோதனை டி-அலையை உறுதிசெய்தது. ஓர் எண்ணம் சரியான திசையில் இருந்தும் முதல் அடியில் தடம் தப்புவதும், அந்த எண்ணத்தின் சொந்தச் சமன்பாடுகளே அதைத் திருத்துவதும் இயற்பியலில் எப்போதாவதுதான் பார்க்கக் கிடைக்கும்.

அமெரிக்காவில், டென்னசியின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில், வேறொரு வழி. பெரிய பலகையில் ஒரு சிறு பகுதியை மட்டும் துல்லியமாகக் கணக்கிட்டு, சுற்றியுள்ள மற்றதையெல்லாம் ஒரு சராசரிச் சூழலாக அதோடு கோப்பது. ஒரு தெருவில் வீடுவீடாகப் போய் விசாரித்துவிட்டு, ஊரின் மற்ற தெருக்களும் ஏறத்தாழ இப்படியே என்று கொள்வதைப் போல. 2005இல் மையர், ஜாரல் முதலியோர் U-ஐ t-இன் நான்கு மடங்காக வைத்து, 0.023 t வெப்பநிலையில் டி-அலை மீகடத்தி தோன்றுவதாகக் கண்டார்கள். t-ஐ 0.4 எலக்ட்ரான் வோல்ட் என்று கொண்டால் அது 100 கெல்வினை ஒட்டி வருகிறது. மெய்யான பொருட்களின் அளவு. இந்த வழியின் அடுத்த வடிவம், பொருளில் உள்ள ஒழுங்கின்மையையும் சேர்த்துக்கொண்டு, நொடிக்கு 400 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளைத் தொடர்ந்து செய்து, 2008இல் கணினித்துறையின் கோர்டன் பெல் பரிசைப் பெற்றது. எண்ணிக்கையின் பிரம்மாண்டத்தைவிட அதன் பயன்பாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது: எந்தச் செய்நேர்த்தியான பொருளிலும் அணுக்கள் இடம் பிசகியிருக்கும், அந்தப் பிசகல் ஜோடியைக் கெடுக்கிறதா, சில சமயம் காக்கிறதா என்பதை அளக்காமல் ஆய்வகப் பொருளைப் பற்றிப் பேச முடியாது.

கதை இங்கே நல்லபடியாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. 2017இல் நான்கு வெவ்வேறு கணக்கீட்டு முறைகளைச் சேர்ந்த குழுக்கள் ஒன்றுகூடி, ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டன: U என்பது t-இன் எட்டு மடங்கு, கொட்டைகளில் எட்டில் ஒரு பங்கு எடுக்கப்பட்டது, மிகக்குறைந்த ஆற்றல் நிலை எது? நான்கும் ஒரே பதிலைத் தந்தன. காலிக்குழிகள் பலகை முழுதும் சமமாகப் பரவவில்லை. கண்டாங்கிச் சேலையின் கோடுகள்போல வரிவரியாகத் திரண்டன. சமமாகப் பரவிய டி-அலை மீகடத்தி நிலை வெகு அருகில் வந்து தோற்றது. எத்தனை அருகில் என்றால், ஒரு குழிக்கு ஏறத்தாழ 0.01 t. வெப்பநிலையாக மாற்றினால் 50 கெல்வினுக்குள். எட்டு t தள்ளுவிசையோடு மோதிக்கொண்டிருக்கும் எலக்ட்ரான்களின் தலைவிதி அதில் எண்ணூறில் ஒரு பங்கில் தீர்மானமாகிறது. மும்பைக் கணக்கில் வரிகளுக்கு இடமே தரப்படவில்லை. அனுமானத்தில் இல்லாதது விடையில் வராது. நான் அந்தக் கணக்கை மதிப்பது இதனால் குறையவில்லை. ஆனால் அதன் எல்லைக்கோடு எங்கே என்பது இப்போதுதான் தெளிவாகிறது.

2020இல் இன்னும் கடுமையான முடிவு வந்தது. மிங்பு சின், ஸ்டீவன் ஒயிட், ஷிவே ஜாங் முதலியோர், ஹப்பார்டின் தூய மாதிரியில், செம்பு ஆக்சைடுகளுக்குரிய U அளவில், மீகடத்தி நிலையே இல்லை என்று காட்டினார்கள். ஓக் ரிட்ஜ் முடிவோடு இது நேருக்கு நேர் மோதுவதுபோலத் தோன்றும். U வேறு, வெப்பநிலை வேறு, தோராயம் செய்த இடமும் வேறு. ஆகவே நேரடி முரண் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் 1963ஆம் ஆண்டு மாதிரியின் இரண்டு விதிகளே போதும் என்று நம்பியவர்களுக்கு அது பெரிய அடி. நான்கு ஆண்டுகள் கழித்து, 2024இல், ஏறத்தாழ அதே குழு மூன்றாவதாக ஒரு விதியைச் சேர்த்தது. கொட்டை நேராக மட்டுமன்றி மூலைவாட்டிலும் தாவலாம். நேர்த்தாவலில் ஐந்தில் ஒரு பங்கு வலிமையோடு. மெய்யான செம்பு ஆக்சைடுகளில் இந்த மூலைவாட்டுத் தாவல் உண்டு. அதைச் சேர்த்ததும் மீகடத்தி திரும்பி வந்தது, வரிகளும் போகவில்லை. வரிகளில் காலிக்குழிகள் முழுவதும் நிரம்பாமல் அரைகுறையாக இருக்க, அந்த இடைவெளியில் ஜோடிகள் ஓடுகின்றன. மீகடத்தியும் வரிகளும் பகையாளிகள் என்று 20 ஆண்டுகளாக நிலவிய பேச்சை இந்தக் கணக்கு தளர்த்திவிட்டது. தள்ளுவிசை மட்டும் இருந்தாலே ஜோடி சேரமுடியும் என்பதற்கு இதுவரை கிடைத்தவற்றில் மிக நேர்மையான எண் ஆதாரம் இதுவென்றே நினைக்கிறேன். பாஸ்கரனும் ஆண்டர்சனும் சொன்ன படம் அப்படியே நின்றுவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. ஜோடிகள் முன்பே இருந்து பிறகு ஓடுகின்றனவா, வரிகளின் நெளிவில்தான் பிறக்கின்றனவா என்று இந்த எண்கள் இன்னும் பேசவில்லை.

வத்திராயிருப்பு கிருஷ்ணனிடம் திரும்ப இன்னொரு வழியும் இருக்கிறது. பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட். அதன் கரித்தளங்களுக்குச் செங்குத்தான திசையில் காந்தத்தை விலக்கும் தன்மை, தளத்தின் திசையில் உள்ளதைப்போல 40 மடங்கு. இந்த வினோதத்தை 1930களிலிருந்தே தொடர்ந்து ஆராய்ந்த கிருஷ்ணன், 1941இல் கங்குலியுடன் சேர்ந்து, கிராஃபைட்டின் கட்டற்ற எலக்ட்ரான்கள் தளத்துக்குள்ளேயே ஓடித்திரிபவை என்ற அடிப்படையில் அதன் காந்தப்பண்பை விளக்கினார். கிராஃபீன் எனப்படும் அந்த ஒற்றைத் தளத்தைப் பிரித்தெடுத்த பிறகு, 2010இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் சந்தீப் பதக், விஜய் ஷெனாய் இருவரும் சென்னையின் பாஸ்கரனும் சேர்ந்து, அதே அனுமான மான்டி கார்லோ முறையைத் தேன்கூட்டு வடிவப் பலகையில் ஓட்டினார்கள். எலக்ட்ரான் எண்ணிக்கையை மாற்றினால் கிராஃபீனும் டி-அலையின் உறவுக்காரியான ஒரு வடிவத்தில் ஜோடி சேர்ந்து உயர்வெப்பநிலை மீகடத்தியாகலாம் என்பது அவர்கள் கண்டது. 2018இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இரண்டு கிராஃபீன் தளங்களை 1.1 டிகிரி திருகி அடுக்கியபோது மீகடத்தி பிறக்கத்தான் செய்தது, ஆனால் 1.7 கெல்வினில், வேறொரு சூழலில். அந்தச் சென்னை-பெங்களூர்க் கணிப்பு ஒற்றைத் தளத்தில் இன்னும் சோதனையைக் கடக்கவில்லை.

இப்படிப்பட்ட கணக்கெல்லாம் ஓக் ரிட்ஜிலும் மும்பையிலும்தான் நடக்கும் என்று ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இயற்பியல் படிக்கும் மாணவி நினைத்தால், அவரிடம் பல்லாங்குழியைத்தான் காட்டுவேன். பதினான்கு குழிகளில் ஏழு கறுப்பும் ஏழு வெள்ளையும் இருக்கும் நிலைகள் மொத்தம் ஒரு கோடியே 17 லட்சத்து 78 ஆயிரத்து 624. ஒரு வெள்ளையை எடுத்தால் ஒரு கோடியே 3 லட்சத்து 6 ஆயிரத்து 296. ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் எடுத்தால் 90 லட்சத்து 18 ஆயிரத்து 9. இந்த எண்களுக்கு மான்டி கார்லோ வேண்டாம், அனுமானம் வேண்டாம், குறிச்சிக்கல் கிடையாது. ஒரு பட்டியல் நூறு மெகாபைட்டுக்குள் அடங்கும். சாதாரண மடிக்கணினியிலேயே மூன்று பலகைகளின் மிகக்குறைந்த ஆற்றலையும் துல்லியமாகக் காணலாம். எதிரெதிர்க் குழிகளுக்கு இடையே தாவும் வலிமையை வேண்டியபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். பிறகு ஒரு கழித்தல் கணக்கு. இரண்டு கொட்டை எடுத்த பலகையின் ஆற்றலையும் எதுவும் எடுக்காத பலகையின் ஆற்றலையும் கூட்டி, ஒரு கொட்டை எடுத்த பலகையின் ஆற்றலை இரண்டு மடங்காக்கிக் கழிக்கவேண்டும். வரும் எண் பூஜ்யத்துக்குக் கீழே என்றால், காலிக்குழிகள் இரண்டும் ஜோடி சேர்ந்துவிட்டன.